மலேசியத் தமிழரிடையே மணமுறிவு: வழக்காற்றிலிருந்து சட்டத்திற்கு

'விவாகரத்து' என்னும் சொல்லின் முற்பகுதி வடமொழிக்குரியது. 'ரத்து' அரபு மொழி வழி வந்தது. இன்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் 'மணமுறிவு', 'மணவிலக்கு' ஆகியன இதற்கு ஈடாக வழங்கும் தமிழ்ச் சொற்கள். சொல் இரவல் என்பதனால் வழக்கமும் இரவல் என்று முடிவு செய்தல் பொருந்தாது. தமிழகத்தின் பல சமூகங்களில் 'தீர்த்துவிடுதல்', 'அறுத்துக்கட்டுதல்' ஆகிய வழக்குகள் நெடுங்காலமாக நிலவின. ஊர்ப் பஞ்சாயத்து கூடி, பரியமும் நகையும் கணக்குத் தீர்க்கப்பட்டு, தாலி திருப்பித் தரப்பட்டால் உறவு முடிந்ததாகக் கொள்ளப்பட்டது. மணம் பிரிக்கவொண்ணாதது என்ற சாத்திரக் கோட்பாட்டைத் தமிழர் அனைவரும் பின்பற்றினர் என்பது ஏடறிந்தோர் கூற்றேயன்றி ஊரறிந்த உண்மையன்று.

ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் இவ்வழக்காற்றையும் உடன் கொணர்ந்தனர். ஆயின் ஊரும் உறவும் கடலுக்கு அப்பால் இருந்தன. கணவன் மனைவி பிணக்கைக் கங்காணியோ தோட்டத்துப் பெரியவர்களோ தீர்த்து வைத்தனர். பெண்தொகை மிகக் குறைவாயிருந்த அக்காலத் தோட்டங்களில் மனைவி பிரிந்து செல்வது குடும்பச் சிக்கலாக மட்டும் பார்க்கப்படவில்லை. அது குற்றவியல் சட்டத்தின் எல்லைக்குள்ளும் வந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், மணமான பெண்ணைத் தீய நோக்குடன் கவர்ந்து செல்வதைக் குற்றமாக்கிய 498ஆம் பிரிவு, அதே எண்ணுடன் இந்நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. பெண்ணைக் கணவனின் உடைமைபோலக் கருதிய இப்பிரிவு 2023 டிசம்பரில்தான் அரசமைப்புக்கு முரணானதெனக் கூட்டரசு நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது என்பது நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது.

1952ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் ஒருதார மணங்களையே கருத்திற் கொண்டது. இந்து வழக்காற்று மணமோ அந்நாளில் பலதார மணத்திற்கு இடந்தருவதாகக் கருதப்பட்டது. எனவே கோயிலில் தாலி கட்டிக்கொண்டவருக்கு அந்நீதிமன்ற வாயில் திறக்கவில்லை. இந்தியாவில் 1955இல் இயற்றப்பட்ட இந்துத் திருமணச் சட்டமும் இங்குச் செல்லுபடியாகவில்லை. சிங்கப்பூர் 1961இன் மாதர் சாசனத்தால் இச்சிக்கலைத் தீர்த்துக்கொண்டது. மலேசியாவில் 1970இல் அரச ஆணையம் அமைக்கப்பட்டு, 1976இல் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டு, 1982 மார்ச்சு முதல் நாள்தான் அது நடைமுறைக்கு வந்தது. முஸ்லிமல்லாதார்க்குப் பொதுவாக ஒருதார மணமும் பதிவும் அன்றுமுதல் கட்டாயமாயின.

இச்சட்டத்தின்படி மணமான ஈராண்டுக்குள் மணமுறிவு கோர இயலாது. அசாதாரணத் துன்பம் இருப்பின் நீதிபதி விலக்களிக்கலாம். இருவரும் ஒப்பினால் கூட்டு மனு அளிக்கலாம். ஒருவரே கோருமிடத்து, மணவாழ்வு மீளமுடியாதவாறு முறிந்துவிட்டதை மெய்ப்பிக்க வேண்டும். பிறன்மனை உறவு, உடன்வாழ இயலாத நடத்தை, ஈராண்டுக் கைவிடல், ஈராண்டுப் பிரிவு ஆகியவற்றை நீதிமன்றம் கருதிப் பார்க்கும். முதலில் வழங்கப்படும் ஆணை தற்காலிகமானது. வழக்கமாக மூன்று மாதங்களுக்குப் பின்னரே அது முழுமை பெறும். அதற்குமுன் மறுமணம் செய்தல் ஆகாது.

ஒருவர் மட்டும் மனுச் செய்யுமிடத்து 106ஆம் பிரிவு நம் கவனத்திற்குரியது. மனுவிற்குமுன் பிணக்கு இணக்கக் குழுவொன்றின்முன் வைக்கப்படல் வேண்டும். ஆறு மாதத்திற்குள் இணக்கம் ஏற்படாவிடில் குழு அதற்குச் சான்றிதழ் தரும். தீர்ப்பாயத்தில் தலைவரோடு இருவர் முதல் நால்வர் வரை அமர்வர். வழக்கறிஞர் வாதாட இடமில்லை. மரத்தடிப் பஞ்சாயத்தின் சாயல் இதில் இருக்கிறதென்று கூறத் தோன்றுகிறது. ஆனால் அங்குத் தீர்ப்பு உண்டு, இங்குச் சான்றிதழ் மட்டுமே. கணவன் இருக்குமிடம் தெரியாமற் போன பெண் இக்குழுவை நாட வேண்டியதில்லை என்னும் விலக்கு, கைவிடப்பட்ட பலருக்குப் பயன்படும். அதனை அறிந்தவர் சிலரே.

நம் சமூகத்தைப் பெரிதும் வருத்துவது இதனினும் எளிய ஒன்று. நீதிமன்றம் மணமுறிவு வழங்க வேண்டுமாயின் அம்மணம் பதிவு பெற்றதாகவோ, பெற்றதாகக் கருதப்படுவதாகவோ இருத்தல் வேண்டும். 1982க்கு முன் வழக்காற்றின்படி நடந்த மணங்கள் பதிவு பெற்றனவாகவே கருதப்படும். அதற்குப் பின் கோயிலில் தாலி மட்டும் கட்டிக்கொண்டோர் நிலை வேறு. பதிவின்மை மட்டுமே மணத்தைச் செல்லாததாக்காதென 34ஆம் பிரிவு கூறினும், நீதிமன்றத் தீர்ப்புகள் ஒரே திசையில் செல்லவில்லை. இதனால் ஊரறிய மனைவியாக வாழ்ந்தவள், சட்டப்படி முறித்துக்கொள்ள மணமே இல்லாதவளாகி நிற்கிறாள். 76ஆம் பிரிவின்படி சொத்தில் பங்கு கோரும் வாய்ப்பும் அவளுக்கு நழுவுகிறது. தாத்தா காலத்துப் பாட்டிக்குச் சட்டம் தந்த ஏற்பை, பதிவுத்தாள் இல்லாத பேத்திக்கு அது தரவில்லை.

கோயில் அலுவலரைத் துணைப் பதிவாளராக நியமிக்கச் சட்டம் வழிசெய்துள்ளது. அத்தகைய கோயில்களில் தாலி கட்டும் நாளிலேயே கையொப்பமும் முடிந்துவிடுகிறது. அவ்வசதி இல்லாத கோயில்களிலும் வீட்டுச் சடங்குகளிலும் "பிறகு பதிந்துகொள்ளலாம்" என்னும் பேச்சு இன்றும் கேட்கிறது.