புத்தலயில் ஒரு மண் வீடு

ஊவாவில் கிறிஸ்தவம் வளர்ந்த வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். அந்த வரலாறு வழக்கமாக எங்கே தொடங்கும் என்பது பழைய மாணவியராகிய நம் எல்லோருக்கும் தெரியும். பதுளை புனித மாற்கு ஆலயத்தில் தொடங்கும். 1845 ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் துரையின் நினைவாக எழுப்பப்பட்ட ஆலயம் அது. அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், அந்தப் பாவத்துக்குத்தான் மின்னல் விழுந்தது என்று ஊரில் சொல்வார்கள். பிறகு, 1854 இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார்கள் தோட்டந்தோட்டமாக நடந்த கதை வரும். பிறகு, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் லாங்டன் ஐயர் ஹப்புத்தளையில் நடத்திய 'ஹப்பி வலி' மிஷன் வரும். அதற்குப் பின் பாடசாலைகள், விடுதிகள், அதிபர்கள்.

இவை எல்லாம் எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் முன்பே பலர் நன்றாக எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது மலையில் நடந்த கதை அல்ல. மலையிலிருந்து இறங்கினால் வரும் மொனராகலை மாவட்டத்தில், தமிழரோ கிறிஸ்தவரோ இல்லாத ஒரு கிராமத்தில் நடந்தது. நம்மவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

1972 ஆம் ஆண்டு கண்டி மறைமாவட்டத்திலிருந்து பதுளை, மொனராகலை மாவட்டங்களைப் பிரித்துப் பதுளை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. அதன் முதல் ஆயர் லியோ நாணயக்கார ஆண்டகை. ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான அவர் 1959 முதல் கண்டியின் ஆயராக இருந்தவர். பேராலயமும் பெரிய கல்லூரிகளும் உள்ள கண்டியை விட்டு, லயங்களும் சேனைக் கிராமங்களுமே நிறைந்த ஒரு புதிய, ஏழை மறைமாவட்டத்துக்குத் தாமாகவே விரும்பி வந்தார். உத்தியோகத்தில் இருப்பவர்கள் பதுளைக்கு மாற்றலாகிப் போவதைத் தண்டனை என்று நினைத்த காலம் அது.

அவர் பண்டாரவளையில் 'சேவக செவன' என்ற பயிற்சி இல்லத்தைத் தொடங்கினார். குருக்களாகப் போகிறவர்கள் ஏழைகளின் நடுவிலேயே உருவாக வேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கே அவரோடு வந்து சேர்ந்தவர்தான் அருட்தந்தை மைக்கல் ரொட்றிகோ. அமலமரித் தியாகிகள் சபைக் குரு. 1927 இல் தெஹிவளையில் பிறந்தவர். அம்பிட்டிய தேசிய குருமடத்தில் பல ஆண்டுகள் மெய்யியல் கற்பித்தவர். உரோமிலும் பாரிஸிலும் இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்றவர். பௌத்தத்தை ஆழமாகப் படித்தவர். வெளிநாட்டில் பேராசிரியராக இருந்து முதுமை அடைந்திருக்கலாம்.

1980 ஜூலையில் அவர் பண்டாரவளையையும் விட்டுக் கீழே இறங்கினார். புத்தலவுக்கு அருகே அலுகலவிட்ட என்னும் கிராமத்தில் சிறிய மண் வீடொன்றில் குடியேறினார். இரண்டு அருட்சகோதரிகளும் அந்தப் பணியில் இணைந்தார்கள். வீட்டுக்குச் 'சுப செத் கெதர' என்று பெயர். நல்லாசி இல்லம் என்று தமிழில் சொல்லலாம். அதே ஆண்டு மார்ச் 24 ஆம் திகதிதான் எல் சல்வடோர் நாட்டில் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ திருப்பலிப் பீடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஏழைகளின் பக்கம் நிற்கும் குருவுக்கு என்ன நடக்கலாம் என்பது உலகத்துக்குத் தெரிந்திருந்த நேரம்.

அந்த மண்ணின் பழைய கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்தப் பகுதிக்கு வெல்லஸ்ஸ என்று பெயர். இலட்சம் வயல்கள் என்பது பொருள். இன்று அவ்வழியே பஸ்ஸில் போகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பார்கள். வரண்ட காடும் சேனையுமாகத்தான் தெரியும். 1817 இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை 1818 இல் ஆங்கிலேயர் அடக்கியபோது வீடுகளையும் விளைச்சலையும் எரித்தார்கள், கால்நடைகளை அழித்தார்கள், குளங்களைப் பாழாக்கினார்கள். கிளர்ச்சியின் தலைவர் கெப்பெட்டிபொல திசாவை அந்த ஆண்டு நவம்பரில் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். நெருப்பு வைத்தவர்களின் மதம் எது என்பதை வெல்லஸ்ஸ மக்கள் மறக்கவில்லை. 160 ஆண்டுகளுக்குப் பிறகு சிலுவை அணிந்த ஒருவர் ஊருக்குள் வந்து குடியேறினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? மதம் மாற்ற வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். நினைத்தார்கள்.

பயத்தை விசுவாசத்தால் வெல்வது என்றவுடன் நாம் விசுவாசியின் பயத்தையே நினைக்கிறோம். ஞாயிறு பாடசாலையில் சிங்கக் குகையில் தானியேல், சூளையில் மூன்று வாலிபர் என்று படித்ததும் அப்படித்தான். நம்மைக் கண்டு மற்றவர் பயப்படுவார்கள் என்பதை யாரும் நமக்குக் கற்பிக்கவில்லை. மைக்கல் அடிகளார் புத்தலயில் முதலில் எதிர்கொண்டது அந்தப் பயத்தை. அதற்கு அவரிடம் பிரசங்கம் இருக்கவில்லை. யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க வரவில்லை என்று சொன்னார், சொன்னபடியே வாழ்ந்தார். பன்சலைக்குப் போய்ப் பிக்குமாரிடம் பேசினார், அவர்களிடம் கேட்டுக் கற்றார். நாட்டு மூலிகைகளைப் பற்றி ஊராரிடமிருந்து தெரிந்துகொண்டு அதை ஊராருக்கே பயன்படச் செய்தார்கள். படிப்பை விட்ட இளைஞருக்கு வகுப்புகள் நடந்தன. நாட்கணக்கில் நடந்து வீடு வீடாகக் குறைகளைக் கேட்டார். முன்னோர் செய்த அநியாயத்துக்குக் கிறிஸ்தவர்கள் இந்த மக்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். நம்பிக்கை ஒரே நாளில் வரவில்லை. வந்தபோது வேரோடு வந்தது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1983 ஜூலை 27 ஆம் திகதி பதுளை நகரம் எரிந்தது. பசறை வீதியில் எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தபோது வானம் சிவந்திருந்தது. அம்மாயி வேதப்புத்தகத்தைத் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டார். அப்பா எங்களைத் தேயிலை மலைக்குள் கூட்டிப் போனார். மழைத்தூறல். அட்டை. தம்பி அழாமலிருக்க அம்மா அவன் வாயைப் பொத்திக்கொண்டே இருந்தார். அம்மாயி சங்கீதத்தைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. அந்தப் பிள்ளைப் பிராயத்தில் எனக்கு அது தைரியம் தந்தது உண்மை.

ஆனால் நள்ளிரவுக்குப் பின் எங்களைத் தன் வீட்டுக்குள் எடுத்தவர் சங்கீதம் தெரியாத ஒரு சிங்கள அம்மா. தோட்டத்துக்குக் கீழே நாட்டில் சிறிய வெற்றிலைக் கடை வைத்திருந்தவர். அறையில் புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்களை உள்ளே விட்டதும் அதை ஊதி அணைத்தார். வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதல்லவா? இரண்டு இரவுகள் அங்கே இருந்தோம். வெகு காலத்துக்குப் பிறகு, நான் ஆசிரியையாகி அந்தப் பக்கம் போனபோது அவரிடம் கேட்டேன், பயமாக இருக்கவில்லையா என்று. "பயந்தான் மகள். பயத்தோடதான் தொறந்தேன்" என்றார். பிறகு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

அந்தச் சம்பவத்துக்குப் பின் எங்கள் குடும்பத்தில் ஜெபம் கூடியது. பஸ்ஸில் தமிழ் பேசுவது குறைந்தது. அம்மா பொட்டு வைப்பதை நிறுத்தினார். எங்களுடைய விசுவாசம் எங்களைத் தாங்கியது. அதைக் கதவுக்கு வெளியே கொண்டுபோக எங்களுக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு நத்தாருக்கும் கேக் அனுப்பினோம், அவ்வளவுதான். மைக்கல் அடிகளாரைப் பற்றி முதன்முறை வாசித்தபோது எனக்கு உறைத்தது அதுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் புத்தலப் பக்கத்தின் நிலைமை மாறியது. பெல்வத்தையில் சீனித் தொழிற்சாலைக்காகக் கரும்பு பரவியது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தவர்களின் நிலம் போனது. உறுதிப்பத்திரம் இல்லாதவன் யாரிடம் முறையிடுவான்? அடிகளார் அந்த விவசாயிகளின் பக்கம் நின்றார், அவர்களுடைய கதையைக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் எழுதினார். 1987 ஜூலை 29 ஆம் திகதி இந்திய இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தானபின் தென்னிலங்கை கொந்தளித்தது. மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது கிளர்ச்சி சூடு பிடித்தது. கிராமங்களில் இளைஞரைத் தேடி ஒரு தரப்பு வந்தது, இரவில் ஆயுதத்தோடு இன்னொரு தரப்பு வந்தது. ஏழைகளோடு இருப்பவர்மேல் இரு தரப்பின் சந்தேகமும் விழுந்தது. எச்சரிக்கைகளும் வந்தன.

போவதா, இருப்பதா? சகோதரிகளோடு அவர் இதைப் பலமுறை பேசியிருக்கிறார். போய்விடுங்கள் என்று சொன்ன நண்பர்களும் உண்டு. தைரியசாலிகள் இப்படிப் பேசிக்கொண்டிருப்பதில்லை என்று நமக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போவதற்கு வழியிருந்தது, போகச் சொல்லி ஆட்களும் இருந்தார்கள். ஊராருக்குத்தான் போவதற்கு வேறு இடமில்லை. அந்த ஒன்றே அவரைக் கட்டிப்போட்டது என்று நினைக்கிறேன். ஏழாண்டாகச் சம்பாதித்த நம்பிக்கையை ஆபத்து வந்த அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட முடியுமா? அவர் அந்த மக்களோடு பகிர்ந்துகொண்ட விசுவாசம் வார்த்தையில் இருக்கவில்லை. இருப்பதில்தான் இருந்தது.

1987 நவம்பர் 10, செவ்வாய்க்கிழமை. மாலையில் அந்த மண் வீட்டிலேயே திருப்பலி. கிறிஸ்தவர் இல்லாத ஊரில் கூட்டம் எங்கே இருக்கும்? ஒரு சிலர் மட்டும். அன்றைய சிந்தனையிலும் போவதா இருப்பதா என்ற அதே பேச்சு வந்தது. மக்களோடு இருக்கும் உறவே பெரிது, மற்றதைக் கடவுளின் கையில் ஒப்படைப்போம் என்ற முடிவுக்கு வந்தார்கள். திருப்பலி முடிவதற்குள் வெடிச்சத்தம் கேட்டது. பீடத்தருகிலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 60.

சுட்டது யார் என்று எந்த நீதிமன்றமும் தீர்த்துச் சொல்லவில்லை. நாம் அதில் ஊகம் செய்வதும் முறையல்ல. அந்தக் காலத்தில் கொல்லப்பட்ட குருமார் அவர் மட்டும் அல்லர் என்பதும் நினைவிருக்க வேண்டும். 1984 டிசம்பரில் மன்னாரில் மெதடிஸ்த திருச்சபையின் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் ஐயர், 1985 ஜனவரியில் வங்காலையில் மேரி பஸ்தியன் அடிகளார், 1988 ஜூனில் மட்டக்களப்பில் சந்திரா பெர்னாண்டோ அடிகளார். இவர்களின் பெயர்களை வடக்கு கிழக்கிலிருந்து வந்த நம் தோழியர் நன்கு அறிவார்கள். மைக்கல் அடிகளாரின் பெயர் தமிழ் வாசகரிடையே அந்த அளவுக்குப் பரவவில்லை. அவர் சிங்களவர், வாழ்ந்தது சிங்களக் கிராமத்தில். மொழியைக் கொண்டு துக்கத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் எல்லோரிடமும் இருக்கிறது. நம்மிடமும் இருக்கிறது.

நூற்றாண்டு விழாவுக்காகக் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்களில் பலர், விழா முடிந்ததும் பிள்ளைகளோடு கதிர்காமத்துக்கோ அறுகம்பேக்கோ போவார்கள். எல்ல, வெல்லவாய வழியாக இறங்கினால் புத்தல வரும். யுதகனாவ விகாரை அங்கேதான் இருக்கிறது, பார்க்க வேண்டிய இடம். வான்காரர்கள் எப்படியும் அந்தச் சந்தியில் தேநீருக்கு நிறுத்துவார்கள். அங்கே வயதானவர்கள் யாராவது இருந்தால், பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்த சிங்களத்தில் 'மைக் பாதர்' பற்றிக் கேட்டுப் பாருங்கள்.