அடுப்பிலிருந்து உலாவி வரை: இந்தியப் போட்டிச் சட்டத்தில் பிணைப்பு விற்பனை

இயங்குதளத்தோடு உலாவியைப் பிணைத்து வழங்கலாமா என்னும் வினாவை ஆராய்வோர், 1998 மே மாதம் மைக்ரோசாப்ட் மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கிலிருந்து தொடங்குவது வழக்கம். விண்டோசுடன் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை இணைத்து நெட்ஸ்கேப்பை ஒடுக்கியது என்பது அவ்வழக்கின் சாரம். இந்தியச் சட்ட வரலாற்றிலோ இவ்வினா முதலில் சமையலறையில் எழுந்தது.

1969ஆம் ஆண்டின் ஏகபோக, கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் சட்டம், ஒரு பொருளை வாங்குவோரை மற்றொரு பொருளையும் வாங்கக் கட்டாயப்படுத்தும் ஒப்பந்தத்தைக் கட்டுப்பாட்டு நடைமுறையாகக் கருதியது. எரிவாயு இணைப்புக் கேட்டு வந்தவரிடம் அடுப்பையும் தம்மிடமே வாங்குமாறு முகவர்கள் வற்புறுத்தியது இச்சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பெற்றது. அங்கு இழப்பு கண்கூடு; வேண்டாத அடுப்புக்குப் பணம் கொடுத்தவரே பாதிக்கப்பட்டவர்.

இச்சட்டத்திற்கு மாற்றாக வந்த போட்டிச் சட்டம், 2002இன் ஆதிக்க முறைகேட்டுப் பிரிவு 2009 மே 20 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு தொடர்பாகக் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. பிளே ஸ்டோர் வேண்டுமெனில் தேடுபொறி, குரோம் உள்ளிட்ட செயலித் தொகுதி முழுவதையும் உற்பத்தியாளர் முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்பது ஒப்பந்தம். இது நியாயமற்ற நிபந்தனை என்றும், செயலிக் கடையின் வலிமை உலாவிச் சந்தையில் குரோமைக் காக்கப் பயன்பட்டது என்றும் ஆணையம் முடிவுசெய்தது.

கொடுங்கையூரில் திறன்பேசி வாங்குபவர் இவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பினர் அல்லர். உலாவிக்கெனத் தனியே பணமும் கொடுப்பதில்லை. அடுப்பு வழக்கின் மையத்தில் நின்ற நுகர்வோர் இங்கு விளிம்புக்கு நகர்கிறார். தீர்வுகளிலும் இந்நகர்வு தெரிகிறது. 2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, ஆணையத்தின் பத்துக் கட்டளைகளுள் நான்கை நீக்கியது. முன்நிறுவிய செயலிகளைப் பயனர் அகற்றுவதைக் கூகுள் தடுக்கலாகாது என்பது அந்நான்கனுள் ஒன்று. செயலித் தொகுதியை நிறுவுமாறு உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தலாகாது என்பதோ நிலைத்தது. (குரோமைச் செயலிழக்கச் செய்ய இயலும் என்பது உண்மையே, ஆயின் முடக்குதலும் அகற்றுதலும் ஒன்றல்ல.) அமெரிக்க வழக்கின் 2002 இறுதித் தீர்ப்பும் மென்பொருளை அகற்றுமாறு கூறவில்லை எனினும், அதன் சின்னங்களை மறைக்கும் உரிமையை உற்பத்தியாளர், பயனர் இருவருக்கும் அளித்தது. தீர்ப்பாய முடிவை எதிர்த்துக் கூகுளும் ஆணையமும் உச்சநீதிமன்றம் சென்றன.