துயருக்குப் பின் பிறந்த கவசம்

மல்லேஸ்வரத்தில் வாழும் நாம் நம் ஊர் தழைத்த வரலாற்றை ஓரளவு அறிவோம். 1898ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் வாட்டியது. மக்கள் நெருக்கமான பேட்டைத் தெருக்களை விட்டுக் காற்றோட்டமுள்ள இடங்களை நாடினர். அகன்ற சாலைகளும் ஒழுங்கான குறுக்குத் தெருக்களும் கொண்ட மல்லேஸ்வரம் அதனால் விரைந்து வளர்ந்தது. துயரம் வந்த பின்னரே காப்பைத் தேடுவது மனித இயல்பு என்பதற்கு நம் ஊரே சான்று. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் கவசமும் அவ்வாறே பிறந்தது.

1935ஆம் ஆண்டு மே 13 அன்று, 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், இங்கிலாந்தில் மிதிவண்டியில் சென்ற இரு சிறுவர் மீது மோதாதிருக்க முயன்று மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தலையில் அடிபட்ட அவர் ஆறு நாட்களில் மறைந்தார். அவரைக் கவனித்த மருத்துவருள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், ஓட்டுநரின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டே பிரிட்டிஷ் இராணுவம் தன் தூது ஓட்டுநர்க்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனின் பொதுமக்களுக்கு அச்சட்டம் வர 1973 வரை ஆயிற்று. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தை வேண்டுகிறது. கர்நாடகத்தில் பின்னால் அமர்வோர்க்கும் 2016 ஜனவரியில் அது கட்டாயமாயிற்று.

தலைக்குக் காப்பு வந்தது, மார்புக்கும் முதுகுக்கும்? 1976இல் ஹங்கேரியர் தமாஷ் ஷ்ட்ரௌப் காற்றுப்பை அங்கிக்குக் காப்புரிமை பெற்றார். 1990களின் இறுதியில் ஜப்பானின் முகென் டென்கோ நிறுவனம் 'ஹிட்-ஏர்' என்னும் பெயரில் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2018 முதல் மோட்டோ ஜிபி பந்தய வீரர்க்கு அது கட்டாயமாயிற்று.

இன்று 'ஏர்பேக் வெஸ்ட்' வாங்க எண்ணுவோர் இருவகையை அறிதல் வேண்டும். ஒன்று கயிற்று வகை. அங்கியின் கயிறு வண்டியில் மாட்டப்படும். ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுபட்டு, குப்பியிலுள்ள கரியமில வாயு நொடிப்பொழுதில் பையை நிரப்பும். மின்னேற்றம் வேண்டுவதில்லை, குப்பியை நாமே மாற்றலாம். ஆயின் கயிற்றை மாட்ட மறந்தால் பயனில்லை. வண்டியை விட்டுப் பிரியும் முன் நேரும் மோதலில் அது விரியாது. மற்றது மின்னணு வகை. உணர்விகள் விபத்தைக் கண்டு பையை விரிக்கும். கயிறு வேண்டா, ஆயின் மின்கலத்தை நிரப்பி வருதல் வேண்டும், விலையும் மிகுதி. எவ்வகையாயினும் உடல் அளவுக்குப் பொருந்துகிறதா, விரிந்தபின் மாற்றுக் குப்பி நம் ஊரில் கிடைக்குமா, கயிற்று வகைக்கென 2013இல் வந்த ஐரோப்பியத் தரமான ஈ.என். 1621-4 முத்திரை உண்டா என்று கேட்டு வாங்குக.

ஒன்று நினைவில் இருத்தல் வேண்டும். இவ்வங்கி தலைக்கவசத்துக்கு மாற்று அன்று. பணம் ஒன்றுக்கே போதுமெனில், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல தலைக்கவசமே முதற்கண் வாங்கத் தக்கது. வேகத்தைக் குறைக்கும் பொறுப்பை எக்கவசமும் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை.

பீன்யாத் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து வரும் மகனுக்காக வாயிலில் காத்திருக்கும் தாய்மார் நம் காலனியிலும் உளர். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்யும் பழக்கத்தை இனியேனும் விடுவோம். துயரம் கதவைத் தட்டும் முன்பே நம் இல்லங்களில் கவசம் இருக்கட்டும்!