கோடெக்

‘கோடர்’, ‘டிகோடர்’ என்ற இரு ஆங்கிலச் சொற்களின் தலைப்பகுதிகள் ஒட்டிப் பிறந்த சொல் இது. தொலைபேசிக் குரலை எண்களாக்கி, மீண்டும் குரலாக்கும் கருவிக்கு வைத்த பெயர்; இன்று வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறைக்கும் அதுவே.

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் ஜனவரி 15 அன்று வைக்கும் பொங்கலை ஐபோனில் 4கே தரத்தில், புரோரெஸ் என்ற கோடெக்கில், வினாடிக்கு 30 சட்டகமாக எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 6 ஜிபி. எச்இவிசி என்ற கோடெக்கில் சுமார் 170 எம்பிதான். புரோரெஸ் ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியே சுருக்கி வைக்கிறது. எச்இவிசியோ அசையாத சிலையையும் சுவரையும் திரும்பத் திரும்ப எழுதாது. பொங்கும் பானை, குலவையிடும் பெண்கள் என மாறுவதையே பெரும்பாலும் குறிக்கிறது. வண்ணம் திருத்தப் புரோரெஸே நல்லது. சுருக்கத்தில் விட்டுப்போன நுணுக்கம் திரும்ப வராது என்பதால், மூலக் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஓட்டிப் பார்த்த பிறகே போனிலிருந்து நீக்க வேண்டும்.