போரும் பிரித்தானியத் தேசிய அடையாளமும்: படையணிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

1707ஆம் ஆண்டில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகியவற்றின் நாடாளுமன்றங்கள் ஒன்றிணைந்தபோது பிரித்தானியா என்னும் அரசு உருவாயிற்று; பிரித்தானியர் என்னும் உணர்வு அன்றே உருவாகிவிடவில்லை. அவ்வுணர்வு எதனால் தோன்றியது என்பது வரலாற்றறிஞரிடையே விவாதத்திற்குரியதாக இருந்து வருகிறது. கத்தோலிக்க நாடான பிரான்சுடன் நிகழ்ந்த தொடர்போர்களும் புரோட்டஸ்டண்ட் சமயமுமே அதனை வார்த்தெடுத்தன என்பது லிண்டா காலி 1992இல் வெளியிட்ட 'பிரிட்டன்ஸ்' என்னும் நூலின் கருத்தாகும். நெப்போலியன் காலத்துத் தன்னார்வப் படைகளை ஆராய்ந்த ஜே. இ. குக்சன், உள்ளூர் நலன்களுக்கு இருந்த பங்கினை 1997இல் எடுத்துக்காட்டினார். எதிரி யார் என்பதோடு, படையில் நின்றவர் யார் என்பதையும் நோக்கும்போது இவ்விவாதம் மேலும் தெளிவு பெறுகிறது.

ஹைலாந்துப் படையினர்

1746 ஏப்ரல் 16இல் கலோடன் போரில், ஸ்டூவர்ட் மரபினரை மீண்டும் அரியணை ஏற்ற எழுந்த கிளர்ச்சிப் படை முறியடிக்கப்பட்டது. அக்கிளர்ச்சியில் ஸ்காட்லாந்தின் மலைநாடாகிய ஹைலாந்தைச் சேர்ந்த குலத்தினர் பெரும் பங்கு கொண்டிருந்தனர். எனவே அவ்வாண்டில் இயற்றப்பெற்ற சட்டம் ஹைலாந்து ஆடவரின் மரபுவழி உடையைத் தடை செய்தது. எனினும், அரசரின் படையில் பணியாற்றியோர்க்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. ஊரில் குற்றமாகக் கருதப்பட்ட உடை, படையில் சீருடையாயிற்று.

கிளர்ச்சிக்கு உடந்தையாக இருந்த லவட் பிரபு 1747இல் தலை துண்டிக்கப்பட்டார். கிளர்ச்சியில் பங்கேற்று மன்னிப்புப் பெற்ற அவருடைய மகன் சைமன் ஃபிரேசர், 1757இல் அரசருக்காக ஒரு படையணியைத் திரட்டினார். அப்படையணி 1759இல் கியூபெக்கில் பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் போரிட்டது. அங்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் உல்ஃப், கலோடனில் அரசர் தரப்பில் நின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. உடைத் தடை 1782இல் நீக்கப்பட்டது.

அயர்லாந்துக் கத்தோலிக்கர்

அமெரிக்கப் போருக்கு ஆள் தேவைப்பட்ட சூழலில், 1778இல் கத்தோலிக்கர் மீதான தடைகள் சில தளர்த்தப்பட்டன. இதனை எதிர்த்து 1780இல் இலண்டனில் கார்டன் கலவரம் மூண்டது. படையினர் அதனை அடக்கியபோது நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். போர்த் தேவையும் புரோட்டஸ்டண்ட் உணர்வும் எப்போதும் ஒரே திசையில் செல்லவில்லை என்பதனை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

1801இல் அயர்லாந்து பிரித்தானியாவுடன் இணைக்கப்பட்ட போதிலும், கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையை 1829இல்தான் பெற்றனர். 1830இல் பிரித்தானியத் தரைப்படையின் சாதாரணப் படைவீரருள் ஏறத்தாழ 42 விழுக்காட்டினர் அயர்லாந்தினர். ஆயினும் அவ்வளவு பெரிய படைப்பங்கு அயர்லாந்தைப் பிரித்தானியாவுடன் பிணைத்து நிறுத்தவில்லை. 1922இல் அயர்லாந்து சுதந்திர அரசு அமைந்தபோது, தென் அயர்லாந்தில் ஆள் திரட்டிவந்த ஐந்து காலாட்படையணிகள் கலைக்கப்பட்டன.

முடிவுரை

ஒரே அரசின் கீழ், ஒரே எதிரியோடு பொருத இரு மக்களினத்தாருள் ஒருவர் பிரித்தானிய அடையாளத்தைப் பெரிதும் ஏற்றனர். மற்றவருள் பெரும்பாலோர் விலகிச் சென்றனர். ஹைலாந்தினர் தம் அடையாளத்தைத் துறவாமலேயே படையில் இடம்பெற்றனர். அயர்லாந்துக் கத்தோலிக்கர்க்கோ குருதி சிந்திய பின்னரே உரிமை வந்தது. எனவே போர் மட்டும் தேசிய உணர்வைப் படைப்பதில்லை. போரிட்டவர்க்கு அரசு எதனை எப்போது வழங்கியது என்பதும் அதனைத் தீர்மானிக்கிறது என்பது பெறப்படும்.