கடையாணி முதல் வீல் ஸ்டட் வரை: ஒரு சின்ன இரும்புத் துண்டின் கதை

திருச்சியிலேர்ந்து சென்னைக்கு ராத்திரி கார்ல வந்திருந்தா இந்த வரிசை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்: பாடாலூர், சிறுவாச்சூர், பெரம்பலூர் பைபாஸ், திருமாந்துறை டோல்கேட். அந்த வழியில ஜாக்கி போட்டு ஓரமா நிக்கிற வண்டிகளைப் பார்த்திருப்பீங்க. முக்கால்வாசி பஞ்சர்தான். சிலதுல மட்டும் டயர் நல்லா இருக்கும், ஆனா சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற போல்ட் ஒடிஞ்சிருக்கும். பட்டறையில இதை வீல் போல்ட்னும் சொல்வாங்க, ஸ்டட்னும் சொல்வாங்க. விரல் நீளம்கூட வராத இரும்பு. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

சக்கரம் கழன்று போகுமோ என்ற பயம் நமக்குப் புதுசு இல்லை. சங்க காலத்தில் உப்பு வித்த உமணர்கள் மாட்டு வண்டியில் உள்நாட்டுக்கு வருவாங்க. மேடு, பள்ளம், மணல். வழியில் அச்சு முறிஞ்சா என்ன செய்யறது? வண்டிக்கு அடியிலேயே இன்னொரு அச்சைக் கட்டி எடுத்துட்டு வந்தாங்க. அதுக்குப் பேர் சேம அச்சு. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாராட்டும்போது ஔவையார் இந்தச் சேம அச்சைத்தான் உவமையாகச் சொல்கிறார். ஆபத்துக்கு உதவுறவன்னு அர்த்தம். திருக்குறளில் வரும் அச்சாணியும் அதே உலகத்துச் சாமான்தான். அச்சின் நுனியில் செருகுற சின்ன ஆணி. அது விழுந்தா எவ்வளவு பெரிய தேரும் நிக்கும்.

மாட்டு வண்டியில் ஒரு சக்கரத்துக்கு ஒரு கடையாணி போதும். கார் வந்த பிறகு கதை மாறுது. ஆரம்பகாலக் கார்களில் பஞ்சர் ஆனா சக்கரத்தைக் கழற்றி வேறு மாட்ட முடியாது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து டயரைப் பிரிச்சு ஒட்டணும். 1904-ல் வேல்ஸ் நாட்டில், லனெல்லி என்ற ஊரில், டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. காற்றடைத்த டயரோட ஒரு வெறும் வளையம். பஞ்சரான சக்கரத்து மேலேயே அதை இறுக்கிக் கட்டிட்டு ஓட்டிட வேண்டியது. அவங்க கடை இருந்த தெரு ஸ்டெப்னி தெரு. ஆமா, நம்ம ஸ்டெப்னிதான்! பிறந்த ஊர்ல பெரும்பாலும் மறந்துட்ட அந்தப் பேரை, பெரம்பலூர் பஞ்சர் கடையில இன்னைக்கும் சொல்றாங்க.

சீக்கிரமே மொத்தச் சக்கரத்தையும் கழற்றி மாட்டும் வசதி வந்தது. ஸ்டட் முக்கியமானது அங்கேதான். ஓட்டுநரே அவசரத்தில், இருட்டில் கழற்றி மாட்டுற ஒரு பாகம் அது. மாருதி 800-க்கு ஒரு சக்கரத்துக்கு 4, லாரிக்கு 8 அல்லது 10.

நம்ம ஊரில் இதையெல்லாம் செய்ய ஆரம்பிச்ச கதை சென்னை பாடியில் நடக்குது. மாட்டு லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் பஸ் டயரைக் குத்தாம இருக்க, காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓடவிட்டவங்க டிவிஎஸ் கம்பெனிக்காரங்க. அதே குழுமம் 1960-களில் பாடியில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் என்று வரிசையாகத் தொடங்கியது. சக்கரம், அதை நிறுத்தும் பிரேக், எல்லாத்தையும் பிடிச்சு வைக்கிற போல்ட், மூணும் ஒரே வட்டாரத்தில்.

சரி, ஸ்டட் ஏன் ஒடியுது? வண்டி எடையை ஸ்டட்தான் தாங்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் ரப்பர் மாதிரி துளியூண்டு நீளுது. அந்த இழுவிசை சக்கரத்தை ஹப்போட அழுத்திப் பிடிக்குது. எடையைத் தாங்குறது அந்த உராய்வு. நட்டு தளர்ந்தா பிடி போச்சு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் இப்படியும் அப்படியும் வளையும். கம்பியை வளைச்சு வளைச்சு ஒடிக்கிற மாதிரிதான். ஒண்ணு ஒடிஞ்சா அதோட பாரம் பக்கத்தில் இருக்கிறதுக்குப் போகும், அடுத்து அது.

இன்னொரு காரணம், அளவுக்கு மீறி இறுக்குறது. வீல் ஸ்பானர்ல நீளக் குழாயைச் செருகி ஆளே மேல ஏறி மிதிப்பாங்க. பழைய லாரிகள் பலவற்றில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை. ஓடுற ஓட்டத்தில் நட்டு தானாகக் கழலாம இருக்க அப்படி வச்சாங்க. அது தெரியாத புது கிளீனர் கழற்றுறதா நினைச்சு இன்னும் இறுக்குவார். டப்புனு ஒடியும்.

அரியலூர் பக்கம் வந்தா இது வெறும் மெக்கானிக் விஷயம் இல்லை. ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி, அடியில் சுண்ணாம்புக்கல். அதனால சிமென்ட் ஆலைகள், அதனால டிப்பர் லாரிகள். சுரங்கத்துக்குள்ள குண்டும் குழியும், வெளியே வந்தா ஊர்ச் சாலை. கழன்ற லாரிச் சக்கரம் நிக்காது. அது உருண்டு போற வழியில் சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போற பிள்ளை இருக்கலாம். இதெல்லாம் டிரைவர் தலைவிதின்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். நட்டைச் சோதிக்க நேரம் தராத டிரிப் கணக்குக்கும் இதில் பங்கு உண்டு.

மாத்துறது கஷ்டம் இல்லை. சக்கரத்தையும் டிரம்மையோ டிஸ்க்கையோ கழற்றி, ஒடிஞ்ச ஸ்டட்டைப் பின்பக்கமா தட்டி எடுத்து, புதுசை ஹப்பில் முழுசா உட்கார வைக்கணும். அதன் கழுத்தில் இருக்கிற வரிப்பற்கள்தான் சுற்றாம பிடிக்கும். ஒண்ணு ஒடிஞ்சா பக்கத்து ரெண்டையும் மாத்துங்க, ரெண்டு ஒடிஞ்சா எல்லாத்தையும். வெல்டிங் வச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. 10.9 தர ஸ்டட்னா சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1,000 நியூட்டன் இழுவையைத் தாங்குற எஃகு. அந்த வலிமை சூடாக்கிப் பதப்படுத்தியதால் வந்தது, வெல்டிங் சூட்டில் போயிடும்.

நட்டுகளை வட்டமா வரிசையா இறுக்காம எதிரெதிரா இறுக்கணும். 50-லிருந்து 100 கிலோமீட்டருக்குள்ள இன்னொரு தடவை சோதிக்கணும். பெரம்பலூரில் மாட்டியிருந்தா உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க நிறுத்துறப்போ ஸ்பானரைக் கையில எடுங்க.