நடத்தைச் சிக்கல்களும் மனநலப் பிரச்சினைகளும் உள்ள குழந்தையை வளர்த்தல்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பெற்றோருக்கான விளக்கம்

எல்லாக் குழந்தைகளும் சில வேளைகளில் அடம்பிடிப்பார்கள், சினம் கொள்வார்கள், பள்ளிக்குச் செல்ல மறுப்பார்கள். இவை வளர்ச்சியின் இயல்பான பகுதிகள். ஆனால் இத்தகைய நடத்தை பல வாரங்கள் நீடித்து, குழந்தையின் படிப்பு, உறக்கம், நட்பு, குடும்ப வாழ்க்கை ஆகியவற்றைப் பாதிக்குமாயின், அதைச் சேட்டை என்றோ திமிர் என்றோ கருதி விட்டுவிடக் கூடாது. அது குழந்தைக்கு உதவி தேவைப்படுகிறது என்பதன் அறிகுறி. விருதுநகர் மாவட்டத்தின் இவ்விரு வட்டங்களிலும் வாழும் பெற்றோர் வீட்டில் செய்ய வேண்டியவற்றையும், உதவி பெறும் வழிகளையும் இப்பக்கம் விளக்குகிறது.

எவ்வளவு பரவலானது?

2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பது கண்டறியப்பட்டது. 40 பேர் படிக்கும் வகுப்பில் ஏறத்தாழ மூவர் எனக் கொள்ளலாம். எனவே இச்சிக்கல் உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• வயதுக்கேற்ற பேச்சு, கண் நோக்கிப் பழகுதல், பிறருடன் விளையாடுதல் ஆகியவை இல்லாதிருத்தல்
• வீட்டிலும் பள்ளியிலும் ஒருங்கே காணப்படும் மிகுதியான துறுதுறுப்பு, கவனமின்மை
• பிறரை அடித்தல், பொருள்களை உடைத்தல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல்
• நன்றாகப் படித்த குழந்தை திடீரெனப் பின்தங்குதல், பள்ளியை நினைத்தாலே வயிற்றுவலி, தலைவலி என்று கூறுதல்
• தனிமையை நாடுதல், உணவிலும் உறக்கத்திலும் மாற்றம், சாவைப் பற்றிய பேச்சு

காரணம் என்ன?

ஒரே காரணம் இருப்பதில்லை. மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, மரபு, கேட்டல் அல்லது பார்வைக் குறை, கற்றல் குறைபாடு, வீட்டுச் சண்டை, பள்ளியில் கேலி, பாலியல் துன்புறுத்தல் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருக்கலாம். நல்ல பழக்கமுடைய குழந்தை திடீரென மாறினால், அதற்கு என்ன நேர்ந்தது என்பதை அமைதியாகக் கேட்டறிய வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

சிறு குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்களுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது பெற்றோருக்கான பயிற்சியே. அதன் அடிப்படைகள் எளியவை. நாள்தோறும் தவறாமல் கடைப்பிடிப்பதே கடினம்.

பெரியவர்கள் அனைவரும் ஒரே விதியைப் பின்பற்றுங்கள். நூற்பாலைகளில் ஷிப்ட் முறையில் வேலை செய்யும் குடும்பங்களில் குழந்தையைக் காலையில் தாயும், மாலையில் பாட்டியும், இரவில் தந்தையும் கவனிக்க நேரிடுகிறது. தாய் மறுத்த கைப்பேசியைப் பாட்டி கொடுத்தால், அழுதால் கிடைக்கும் என்பதையே குழந்தை கற்றுக்கொள்கிறது. மூன்று அல்லது நான்கு விதிகளை மட்டும் தாளில் எழுதி, எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டுங்கள். உண்ணும் நேரம், உறங்கும் நேரம், கைப்பேசி நேரம் ஆகியவை ஷிப்டுக்கு ஏற்ப மாறாதிருக்கட்டும்.

நல்லதை உடனே பாராட்டுங்கள். "நல்ல பிள்ளை" என்பதை விட, "தம்பிக்கு விட்டுக்கொடுத்தாயே, நன்று" என்று செயலைச் சுட்டிக் கூறுவது பயன் தரும்.

கட்டளையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அருகில் சென்று, பெயரைச் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரு செயலை மட்டும் கூறுங்கள்.

ஆபத்தில்லாத அடத்தைப் பொருட்படுத்தாதீர்கள். கடைத்தெருவில் பால்கோவா கேட்டுத் தரையில் புரளும் குழந்தைக்கு, ஊரார் பார்க்கிறார்கள் என்று வாங்கிக் கொடுத்தால் அடுத்த முறை அழுகை நீளும். நீங்கள் உறுதியாக இருக்கத் தொடங்கிய முதல் சில நாள்களில் அடம் கூடவே செய்யும், பிறகுதான் குறையும். அந்த நாள்களில் மனம் தளர்ந்து விட்டுக்கொடுத்தால், முயற்சி முழுவதும் வீணாகும்.

அடிக்காதீர்கள். அடி, நடத்தையை அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்துகிறது. வலிமையுள்ளவர் அடிக்கலாம் என்பதையும் கற்பிக்கிறது.

கூட்டத்துக்கு முன்பே ஆயத்தப்படுத்துங்கள். மதியிறுக்கம் உள்ள குழந்தைக்கு ஆடிப்பூரத் தேரோட்டத்தின் ஒலியும் நெரிசலும் தாங்க இயலாதவையாக இருக்கலாம். கூட்டம் குறைந்த நேரத்தில் அழைத்துச் செல்லுங்கள். என்ன நடக்கும் என்பதை முன்னரே படங்களால் விளக்குங்கள்.

ஒரு நோட்டில் மூன்று செய்திகளை எழுதி வாருங்கள்: முன்பு என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். இரண்டு வாரக் குறிப்பு மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

எங்கே செல்வது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, இராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையையோ அணுகுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில், எங்கே பார்க்கிறார் என்பதை அங்கேயே கேட்டறிந்து செல்லுங்கள். கூடுதல் சிகிச்சை தேவைப்பட்டால், 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ பரிந்துரைக்கப்படலாம்.

2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. வளர்ச்சித் தாமதம், மதியிறுக்கம், கற்றல் குறைபாடு ஆகியவையும் அப்பரிசோதனையில் அடங்கும். குழு வரும் நாளில் உங்கள் ஐயத்தை ஆசிரியர் வழியாகத் தெரிவியுங்கள்.

மருந்து பரிந்துரைக்கப்பட்டால், குழந்தை தேறிவிட்டது என்று தாமாக நிறுத்தக் கூடாது. நேர்த்திக்கடன் செலுத்துவதும் மந்திரிப்பதும் குடும்பத்தின் நம்பிக்கை. அவற்றுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தையைக் கட்டிவைப்பது எக்காரணத்தாலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஓர் இல்லத்தில் நேர்ந்த தீயில் 28 பேர் உயிரிழந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்ப இயலவில்லை. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தடை செய்கிறது.

பள்ளியில் உள்ள உரிமைகள்

குழந்தையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டம், 2009 தடை செய்கிறது. மதியிறுக்கம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இல் இடம்பெற்றுள்ளன. மருத்துவச் சான்று பெற்றால் அடையாள அட்டைக்கும் தேர்வுச் சலுகைகளுக்கும் விண்ணப்பிக்கலாம். சிறப்பாசிரியரின் உதவிக்கு வட்டார வள மையத்தை அணுகுங்கள்.

உங்கள் நலமும் முக்கியம்

உறக்கமின்மை, தொடர் அழுகை, குழந்தையின் மீது கட்டுக்கடங்காத கோபம் ஆகியவை உங்களுக்கு இருந்தால், குழந்தையைக் காட்டும் நாளிலேயே அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குற்றம் சாட்டும் உறவினரிடம், இது மருத்துவரின் சிகிச்சையில் உள்ள சிக்கல் என்று சுருக்கமாகக் கூறினால் போதும்.

உடனடி உதவி

குழந்தை சாவைப் பற்றிப் பேசினால், விளையாட்டுப் பேச்சு என ஒதுக்காதீர்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் உருவாவதில்லை. பூச்சிக்கொல்லியையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். குழந்தையைத் தனியே விடாதீர்கள்.

• மனநல ஆலோசனை: 14416 (24 மணி நேரமும், கட்டணமின்றி, தமிழில்)
• மருத்துவ ஆலோசனை: 104
• குழந்தைகள் உதவி எண்: 1098
• ஆம்புலன்ஸ்: 108